மாடியும் கூலியும்

 

நமது ஜொகூர் பாருவில், புக்கிட் திம்பாலான் குன்றின்மேல் 1940-ல் முடிந்த சுல்தான் இப்ராகிம் கட்டடந்தான் அந்நாளில் ஊருக்கே உயரம். 1942-ல் ஜப்பானியர் அதன் கோபுரத்திலிருந்தே சிங்கப்பூரை நோட்டமிட்டனர். இன்றோ, 2018-ல் முடிந்த அஸ்தாக்காவின் பெரிய கோபுரம் 70 மாடி. ஏறக்குறைய 279 மீட்டர்!

காலணியற்ற ஆட்டிடையர்கள் உயர்ந்த கட்டடம் எழுப்புவதில் போட்டியிடுவார்கள். அது கியாமத்தின் அடையாளம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் சொன்னதை அறிவோம். உயரம் ஹராம் என்று அதில் இல்லை. (பள்ளிவாசல் மினாராவும் உயரந்தானே!) போட்டியைத்தான் சொன்னார்கள். அந்தப் போட்டியில் கல் சுமந்தவனை மறந்துவிடுகிறோம்.

முப்பதாம் மாடியில் சிமெண்டு பூசுகிறவர் என் கடையில் அரிசியைக் கடனுக்குக் கேட்கிறார். இரண்டு மாதக் கூலி வரவில்லையாம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்களே. நாட்டின் 1955-ம் வருடத்து வேலைச் சட்டமும் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது.

நமது சங்கத்திலும் கட்டட குத்தகைக்காரர்கள் உண்டு. வருகிற ஜும்ஆவுக்கு முன் நிலுவையை அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.