பட்டமும் பாடமும்

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் போகணும்னா என்ன டிகிரி படிக்கணும்? பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறவர்கள் இதை இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் “சி.எஸ்.ஸா, ஈ.சி.ஈ.யா?” என்று கேட்டவர்களின் தம்பி தங்கைகள்தான் இவர்கள். இந்தக் கேள்விக்குத் தகவலாக ஒரு பதில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடலாம். அந்தத் தகவலுக்கு அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. நான் பேச விரும்புவது அதைப் பற்றி.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். இது நம் தெருமுனை வங்கி மாதிரி டெபாசிட் வாங்கி நகைக்கடன் கொடுக்கிற இடம் கிடையாது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போதும், முதன்முறையாகப் பங்குச்சந்தைக்கு வரும்போதும், கடன் பத்திரம் விற்கும்போதும் நடுவில் நின்று விலை சொல்லி, பேரம் முடித்து, கமிஷன் வாங்குகிற இடம். கல்லூரியிலிருந்து நேராகச் சேர்பவருக்கு அனலிஸ்ட் என்று பெயர். எக்செலில் நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிடுவார், பவர்பாயின்ட் தயாரிப்பார், நள்ளிரவு தாண்டி அதே பவர்பாயின்ட்டைத் திருத்துவார். கோல்ட்மன் சாக்ஸின் முதலாண்டு அனலிஸ்ட்கள் 13 பேர் தங்களுக்குள் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2021இல் வெளியே வந்தது. வாரத்துக்குச் சராசரி வேலை நேரம் 95 மணி. சம்பளம் பெரியது, அதனால்தான் வரிசையும் பெரியது.

இனி டிகிரி. லண்டனில் பெரிய வங்கிகள் பொதுவாகக் கேட்பது ‘டூ-ஒன்’ எனப்படும் மேல் இரண்டாம் வகுப்புத் தேர்ச்சி. பாடம் எதுவாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்வார்கள். அமெரிக்காவிலும் உச்சியில் இருந்தவர்களைப் பாருங்கள். கோல்ட்மன் சாக்ஸைப் பன்னிரண்டு வருடம் நடத்திய லாயிட் பிளாங்க்ஃபைன் ஹார்வர்டில் படித்தது வரலாறு. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் பிரையன் மொய்னிஹன் படித்ததும் வரலாறுதான், பிரவுன் பல்கலைக்கழகத்தில். ஜேபி மார்கனின் ஜேமி டைமன் உளவியலும் பொருளாதாரமும் படித்தவர். வேலைக்குத் தேவையான கணக்கியலையும் எக்செல் மாடலிங்கையும் சேர்ந்த பிறகு சில வாரப் பயிற்சியில் வங்கியே சொல்லிக்கொடுத்துவிடும்.

அப்படியென்றால் மூன்று நான்கு வருடப் படிப்புக்கு அங்கே என்ன வேலை? மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு விளக்கம் தருகிறது. அவருக்கு 2001இல் பொருளாதார நோபல் கிடைத்தது. கல்வி ஒருவருடைய திறமையைத் துளிகூடக் கூட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம் என்று தொடங்குகிறார் ஸ்பென்ஸ். திறமைசாலிக்கு அந்தப் படிப்பை முடிப்பது மற்றவர்களைவிடச் சுலபம் என்றால், பட்டம் ஒரு அடையாளக்குறியாக வேலை செய்யும். ‘இவர் இதைத் தாண்டி வந்தவர்’ என்பது மட்டுமே முதலாளிக்குப் போதும். உள்ளே என்ன படித்தார் என்பது தேவையில்லை. என் தொழில் மொழியில் சொன்னால், அவர்கள் ஃபைலைத் திறப்பதே இல்லை, ஹாஷ் மதிப்பை மட்டும் சரிபார்க்கிறார்கள்.

சமூகவியலாளர் லாரன் ரிவேரா இதே இடத்தைக் களத்தில் போய்ப் பார்த்தார். இந்த மாதிரி வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் சட்ட நிறுவனங்களும் ஆள் எடுக்கும் விதத்தை ஆராய்ந்து 2015இல் ‘பெடிக்ரி’ என்ற புத்தகமாக எழுதினார். ஹார்வர்டில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது தேர்வாளர்களுக்கு முக்கியமாக இல்லை. அங்கே இடம் கிடைத்தது என்பதுதான் முக்கியம். அதற்குப் பிறகு என்ன விளையாட்டு விளையாடினாய், உன்னோடு நள்ளிரவு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் பொழுது போகுமா என்கிற வகைக் கணிப்புகள்.

இதைக் கேட்டதும் ‘சூப்பர், அப்போ புடிச்சதைப் படிக்கலாம்’ என்று தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிடித்ததைப் படிக்கிற இந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. வங்கிகள் நேரில் வந்து ஆள் எடுக்கும் கல்லூரிகளை அமெரிக்காவில் ‘டார்கெட் ஸ்கூல்’ என்பார்கள். அங்கே இருப்பவர் கலை வரலாறு படிக்கலாம். பட்டியலில் இல்லாத ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்து மாணவி ஃபைனான்ஸோ அக்கவுன்டிங்கோ படித்து, முன்பின் தெரியாத முன்னாள் மாணவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். இந்தியாவில் இந்த வேலையின் முன்வாசல் பெரும்பாலும் அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா ஐ.ஐ.எம்.கள். இன்னொரு வழி சி.ஏ. அந்த ஐ.ஐ.எம்.முக்குள் வருகிறவர்களில் நிறையப் பேர் பொறியாளர்கள். அவர் படித்தது உலோகவியலா வேதிப்பொறியியலா என்று யாரும் கேட்பதில்லை, அது ரேங்க் பார்த்துக் கொடுத்த பிரிவு. ஆக, ‘பிடித்ததைப் படி’ என்கிற அறிவுரை பல நேரம் பரம்பரைச் சொத்து மாதிரி. இருக்கிறவர்கள் அதை எல்லாருக்கும் இருப்பதாக நினைத்துச் சொல்கிறார்கள்.

இனிதான் அறக்கேள்வி. ஒரு பாடத்தை வெறும் ஏணியாகப் பயன்படுத்துவது தவறா?

மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றார் கான்ட். வரலாற்றையோ பொருளாதாரத்தையோ கருவியாக நடத்தினால் அதற்கு வலிக்கப்போவதில்லை. யாருக்கும் தீங்கில்லை என்றால் தவறு எங்கே இருக்கிறது? கல்விக்கடனைத் தலையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் ஓய்வுக்கு முன்னால் சம்பாதிக்கத் தொடங்க வேண்டிய ஒரு பெண்ணிடம் போய் ‘நீ அறிவை அவமதிக்கிறாய்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் பி.காம். எடுப்பது பொறுப்பான முடிவு.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. அலஸ்டேர் மக்கின்டயர் 1981இல் வெளிவந்த ‘ஆஃப்டர் வெர்ச்யூ’ நூலில் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறார். அதற்குச் சதுரங்கத்தில் ஆர்வமில்லை, மிட்டாயில் இருக்கிறது. விளையாடினால் ஐம்பது சென்ட்டுக்கு மிட்டாய், ஜெயித்தால் இன்னும் ஐம்பது சென்ட்டுக்கு என்று சொல்லி உட்கார வைக்கிறார்கள். மிட்டாய் மட்டுமே காரணமாக இருக்கும்வரை, மாட்டிக்கொள்ளாமல் ஏமாற்ற முடிந்தால், ஏமாற்றாமல் இருக்க அந்தக் குழந்தைக்கு ஒரு காரணமும் இல்லை. சதுரங்கத்துக்கு உள்ளேயே இருக்கும் நன்மைகளை, அந்தக் கணக்கின் கூர்மையை, அது ருசித்துவிட்டால் நிலைமை மாறுகிறது. அதன் பிறகு ஏமாற்றினால் அது தோற்கடிப்பது எதிராளியை இல்லை, தன்னைத்தான்.

பட்டம் வெறும் அடையாளக்குறி என்றால் புத்தகத்தைத் திறக்க என்ன காரணம் இருக்கிறது? அசைன்மென்ட்டை சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தால் என்ன? அடையாளக்குறி அப்படியே இருக்கும். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. அதுதான் பயமாக இருக்கிறது. நாலு வருடம் ஒருவர் இந்தத் தர்க்கத்தில் பழகினால், வேலைக்குப் போன முதல் நாள் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக மாட்டார்.

அந்த வேலையின் உள்ளே போய்ப் பார்ப்போம். ஒரு நிறுவனத்துக்கு அடுத்த வருடம் 100 கோடி கையில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது என்றென்றும் வருடத்துக்கு 3 சதவீதம் வளரும், நாம் எதிர்பார்க்கும் வருவாய் விகிதம் 10 சதவீதம் என்றால், நிறுவனத்தின் மதிப்பு 100 கோடியை 7 சதவீதத்தால் வகுத்தது, சுமார் 1,429 கோடி. வளர்ச்சியை 4 ஆக்கி, விகிதத்தை 9 ஆக்குங்கள். 2,000 கோடி. இரண்டு கட்டங்களில் ஒவ்வொரு புள்ளி மாற்றியதில் நாற்பது சதவீதம் ஏறிவிட்டது. இரண்டு எண்களுக்கும் நியாயம் சொல்லி ஸ்லைடு போடலாம். கமிஷன் பேரம் முடிந்தால்தான் வரும். இரவு ஒரு மணி, மேலே இருப்பவர் ‘இன்னும் கொஞ்சம் மேல வரணுமே’ என்கிறார். இந்த இடத்தில் உறுத்துவதற்கு உங்களுக்குள் என்ன இருக்கிறது?

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 2008இல் திவாலான லேமன் பிரதர்ஸ், காலாண்டு முடிவில் பத்திரங்களைக் கொடுத்துச் சில நாளுக்குப் பணம் வாங்கும். உண்மையில் அது கடன். கணக்கில் விற்பனை என்று எழுதுவார்கள். கடன் குறைந்த மாதிரி தெரியும், காலாண்டு முடிந்ததும் பத்திரம் திரும்ப வந்துவிடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ரெப்போ 105. அந்த வருடத்தின் இரண்டாம் காலாண்டில் இப்படி மறைந்திருந்தது சுமார் 5,000 கோடி டாலர் என்று 2010இல் நீதிமன்றம் நியமித்த ஆய்வாளரின் அறிக்கை சொன்னது. கணக்குப் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவர் 2008 மே மாதமே இருப்புநிலைக் கணக்கில் கோளாறு இருக்கிறது என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். பிறகு தணிக்கையாளர்களிடமும் ரெப்போ 105 பற்றிச் சொன்னார். சில வாரங்களில் அவருக்கு வேலை போனது. செப்டம்பரில் வங்கியே போனது.

நல்லவன் ஜெயிப்பான் என்கிற கதை இல்லை இது. அவர் ஜெயிக்கவில்லை. நான் பார்ப்பது அதற்கு முந்தைய படியை. எண் தப்பு என்பது முதலில் கண்ணில் பட வேண்டும். அதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். பிறகு அது உறுத்த வேண்டும். அதற்கு அந்தப் பாடத்தின்மேல் மரியாதை இருக்க வேண்டும். கணக்கியலுக்கும் மிட்டாய்க்கு அப்பாற்பட்ட ஒரு நன்மை உண்டு. யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்பதை மறைக்காமல் எழுதிவைப்பது. லூக்கா பச்சோலி 1494இல் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கிய காலத்திலிருந்து அதன் உயிர் அதுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். கணிதத்தை உயிராக நேசித்த முனைவர்கள்தானே 2008க்கு முந்தைய வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு மாடல் எழுதினார்கள்? உண்மைதான். பாடத்தின்மேல் காதல் ஒருவரை நல்லவராக்கிவிடாது. ஆனால் பாடம் உள்ளே இறங்காதவருக்கு உறுத்த வாய்ப்பே இல்லை. நேர்மை மனதில் எவ்வளவு இருந்தாலும், எந்த எண் பொய் என்று தெரியாவிட்டால் அது சும்மா கிடக்கும்.

இதற்காக மிட்டாய்க்காகத் தொடங்கியதை நினைத்து யாரும் கூச வேண்டாம். ஆக்னஸ் காலர்ட் 2018இல் எழுதிய ‘ஆஸ்பிரேஷன்’ புத்தகத்தில் இசையை ரசிக்கக் கற்றுக்கொள்ள வகுப்பில் சேரும் ஒரு மாணவி வருகிறாள். இசையின் மதிப்பு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் மதிப்பெண், சாக்லேட் என்று தன்னை இழுத்துக்கொண்டு போகிறாள். காலர்ட் இதைக் கபடமாகப் பார்ப்பதில்லை. நமக்கு இன்னும் வாய்க்காத ஒரு மதிப்பை நோக்கி நடக்க வேறு வழி இல்லை என்கிறார். சம்பளத்துக்காகப் பொருளாதாரத்தில் சேர்வது அந்த மாதிரி ஒரு சாக்லேட்டாக இருக்கலாம். பாடம் தன்னை மாற்ற இடம் கொடுக்கிறோமா என்பதுதான் விஷயம்.

ஆகவே வீட்டு நிலைமை, கடன், கிடைக்கும் கல்லூரி எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். அதில் வெட்கமில்லை. அதன் பிறகும் இரண்டு மூன்று படிப்புகள் மீதம் இருந்தால் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். எந்தப் பாடத்தில் விடை தப்பு என்று தெரிந்தால், முழு மதிப்பெண் போட்டிருந்தாலும் உங்களுக்குத் தூக்கம் வராது? அதை எடுங்கள். அப்படி ஒரு பாடம் இன்னும் அமையவில்லை என்றால், கிடைத்த டிகிரியில் ஒரே ஒரு தாளையாவது தேர்வில் வராத பக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள். வங்கி அதைப் பற்றிக் கேட்காது. எக்செலில் அந்த இரண்டு கட்டங்களை மாற்றச் சொல்லும் இரவில் அது உங்களுக்கு வேண்டியிருக்கும்.