வராதவரிடம் காரணம் கேட்காதீர்கள்

வன்னி அலுவலகங்களில் விழாக்களுக்குக் குறைவில்லை. தையில் பொங்கல், புரட்டாதியில் வாணி விழா, மார்கழியில் ஒளிவிழா, அதையொட்டி ஆண்டிறுதி ஒன்றுகூடல். இடையில் யாராவது இடமாற்றம் பெற்றால் பிரியாவிடை. கிளிநொச்சிக் கச்சேரி என்றாலும் ஒரு சின்னக் கூட்டுறவுச் சங்கம் என்றாலும் இதுதான் வழக்கம். இந்த விழாக்கள் வேண்டும் என்கிற கட்சி நான். போர் முடிந்து முகாம்களிலிருந்து திரும்பி வந்து, தகரக் கூரையின் கீழ் மேசை போட்டு அலுவலகங்கள் மறுபடி இயங்கத் தொடங்கிய காலத்தில், ஒரு பானைச் சர்க்கரைப் பொங்கல் எத்தனை பேருக்குத் தெம்பு தந்தது என்பதைப் பார்த்தவன்.

விழா நாகரிகம் என்றால் பலருக்கும் உடையும் குடியும்தான் நினைவுக்கு வரும். குடித்துவிட்டு மேலதிகாரியிடம் பழைய கணக்குத் தீர்க்கக் கூடாது. வேண்டாம் என்கிற பிள்ளையை ஆட இழுக்கக் கூடாது. கேட்காமல் படமெடுத்து முகநூலில் போடக் கூடாது. சரிதான். ஆனால் எங்கள் மண்ணில் மனம் நோவது பெரும்பாலும் வேறு இடங்களில்.

முதலாவது, காசு. வாணி விழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு கிளை பொறுப்பெடுக்கும். முதல் நாள் கணக்குக் கிளை அவலும் கடலையும் கொடுத்தால், அடுத்த நாள் நிர்வாகக் கிளை வடை, பாயசம் என்று போகும்; அதற்கடுத்த நாள் சோற்றுப் பார்சல். ஒன்பது நாளில் பூசை போட்டியாகிவிடும், ஆளுக்கான தொகையும் ஏறிவிடும். அந்தத் தொகை பதவிநிலை உத்தியோகத்தருக்கும் அமைய ஊழியருக்கும் ஒன்றே. போதாதற்கு, யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வரும். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரிசி, பால்மா விலை எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இதைச் சமத்துவம் என்கிறார்கள். சம்பளம் சமமில்லாத இடத்தில் சமமான வசூல் அநியாயம். சம்பளப் படிக்கேற்ப வாங்குங்கள். வாங்கியதை ஒருவர் மட்டும் அறிந்திருக்கட்டும்.

இரண்டாவது, குத்துவிளக்கு. நான் பார்த்த ஒரு விழாவில், கணவர் காணாமலாக்கப்பட்ட ஒரு பெண் உத்தியோகத்தரைத் தலைவர் விளக்கேற்ற அழைத்தார். பக்கத்திலிருந்த ஒருவர் மெதுவாக, “அக்கா, நீங்கள் ஏற்றலாமோ?” என்று கேட்டார். கேட்டவர் கெட்டவரல்ல. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் நாட்டின் முழு வழக்கும் கிடந்தது. கணவர் இருக்கிறார் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியது இதற்குப் பதில் கேட்டுத்தான். அரசாலேயே பதில் சொல்ல முடியாததை ஒரு மண்டபத்தில், முப்பது பேர் முன்னால், அந்தப் பெண்ணிடம் கேட்கலாமா? விளக்கேற்றுவதற்குப் பொட்டும் தாலியும் தகுதியல்ல. அலுவலகத்தில் வேலை செய்கிற எவரும் ஏற்றலாம் என்பதை அலுவலகத் தலைவர்தான் நிலைநாட்ட வேண்டும். அவர் சொன்னால் மறுபேச்சு எழாது.

இனி, வராதவர்கள். ஒன்றுகூடலுக்கு வராதவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றும் ஒத்துப்போகாதவர் என்றும் பேசுவது எந்த ஊரிலும் உண்டு. வன்னியில் அந்தப் பேச்சு கொடுமையாகிவிடுகிறது. 2009 இல் போரின் கடைசி மாதங்களில் இறந்தவர்களுக்காக, ஆண்டுதோறும் மாசி தொடங்கி வைகாசி வரை, இங்கே ஏதாவதொரு வீட்டில் திவசம் இல்லாத நாள் அரிது. வைகாசியில் அந்தப் போரில் இறந்தவர்களின் நினைவுநாளான மே 18 வருகிறது. அதே வைகாசியில்தான் வற்றாப்பளை கண்ணகை அம்மனுக்குப் பொங்கலும். எங்கள் சனம் இரண்டுக்கும் போகும். அழுதவர்கள் பொங்கக் கூடாது என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஆனால் எந்த நாளில் எது முடியும் என்பதை அவரவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒருவர் வரவில்லையென்றால், மறுநாள் அவருடைய மேசையில் பலகாரத்தை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பதே மரியாதை. “ஏன் மிஸ் வரேல்லை?” என்ற விசாரணை வேண்டாம். காரணம் சொல்லித்தான் தப்ப வேண்டுமென்றால், அது விழா அழைப்பல்ல, கட்டளை.

நலன்புரிச் சங்கக்காரருக்கு ஒரு வேண்டுகோள். மார்கழி ஒன்றுகூடலுக்குத் திகதி குறிக்கும்போது 26 ஐ விட்டுவிடுங்கள். 2004 இல் நத்தாருக்கு மறுநாள் முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டுபோன நாள் அது. எந்த நாளைக் குறித்தாலும், மாங்குளம் பக்கமும் பரந்தன் பக்கமும் போகிற கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேட்டு, அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே விழாவை முடித்துவிடுங்கள்.