வேண்டாம் என்ற சொல்

போன தீபாவளிக்கு முதல் நாள் ஆத்தூருக்குப் போயிருந்தேன். அக்கா வீடு அங்கேதான். தாய்மாமன் உத்தியோகம் பார்க்கிறவன் தீபாவளியன்று வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? அக்கா மகளுக்கென்று சேலம் கடைவீதியில் ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனேன். அவள் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

"கோவிச்சுக்காதீங்க மாமா. இந்த வருஷம் புதுத்துணி வேண்டாம்னு இருக்கேன்" என்றாள்.

23 வயதுப் பெண். படித்து முடித்து, சம்பாதிக்கிறவள். சிநேகிதிகள் நாலு பேருமாகச் சேர்ந்து ஒரு சங்கல்பம் செய்திருக்கிறார்களாம். ஒரு வருஷத்துக்குத் துணி வாங்குவதில்லை. கிழிந்தால் தைத்துக்கொள்வது. அதற்குப் பிறகும் வாங்கினால் கைத்தறிதான், அதுவும் அளவாக. விளையாட்டுப் புத்தி என்றுதான் முதலில் நினைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் தாங்கலும் இருந்தது என்பதை மறைப்பானேன்? புடவை வேண்டாம் என்றால் மாமனும் வேண்டாம் என்றுதானே காதில் விழுகிறது!

ஆனால் அவள் சொன்ன காரணங்கள் விளையாட்டாக இல்லை. டாக்காவுக்கு அருகில் சாவாரில் 2013 ஏப்ரலில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும், மறுநாள் தொழிலாளிகளை உள்ளே அனுப்பித் துணி தைக்கச் சொன்னார்கள். 1,100 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். அது தூரதேசத்துக் கதை என்றால், நொய்யல் நம் பக்கத்துக் கதை. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டினார்கள். அதில் வந்து தேங்கியதோ திருப்பூர்ச் சாயக் கழிவு. குடியானவர்கள் வழக்காடி வழக்காடி, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. "மலிவா கிடைக்குதுன்னா யாரோ மிச்சத்தைக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம் மாமா" என்றாள் அந்தப் பெண். நான் என்ன பதில் சொல்வது?

பதில் சொன்னவள் என் தாயார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க காலத்துல ரெண்டே சேலை. ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில. அதை யாரும் கொள்கைன்னு சொல்லல, கண்ணு."

பேத்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டிக்கும் இரண்டு சேலை. பேத்திக்கும் இனிமேல் கொஞ்சம் உடைதான். எண்ணிக்கையில் என்ன பேதம்? பாட்டியிடம் 'இல்லை', பேத்தியோ 'வேண்டாம்' என்கிறாள். பீரோ நிறைய இருக்கிறவள்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தியடிகள் நாலு முழத் துண்டுக்கு மாறினார். அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் முதலில் அறிவித்தார். அது ஆயுள் முழுவதுக்கும் நீண்டுவிட்டது. மதுரைக்கு வருகிற வழியில் ரயிலில் கதர் உடுத்தாத ஜனங்களிடம் பேச்சுக் கொடுத்தபோது, கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்றார்களாம். அந்தச் சொல் அவரைச் சுட்டது. அவர் லண்டனில் தொப்பியும் சூட்டும் அணிந்து பார்த்தவர். களைந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. ரயிலில் இருந்தவர்களின் துண்டை யார் பார்த்தார்கள்? அதே நாட்டில் அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாகவே மேடையேறினார். 1927-ல் மகாடில் தம் ஜனங்களின் பெண்களைப் பார்த்து, மற்ற ஜாதிப் பெண்களைப் போலவே புடவை கட்டுங்கள் என்று சொன்னார். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்காக அடிபட்டு, அவமானப்பட்டு, 1859-ல்தான் அரசாணை பெற்றார்கள். உடை மறுக்கப்பட்டவர்களுக்கு நல்ல உடை ஆடம்பரமா? அது அவர்கள் போராடிப் பெற்ற மரியாதை அல்லவா?

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். இன்னொன்றும் கேட்டேன்: "எல்லாரும் உன்னைப் போல் ஆகிவிட்டால் நம் பக்கத்துத் தறிக்காரன் என்ன செய்வான்?"

"பத்து மலிவுத் துணிக்குப் போற காசு ஒரு கைத்தறிச் சேலைக்குப் போனா அவரும் பிழைப்பார் மாமா."

கணக்கு சரிதான். ஆனால் எதுவுமே வாங்காத அந்த ஒரு வருஷம் தறிக்காரனின் கணக்கில் எந்தப் பக்கம் சேரும்? 1925-ல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினாரே, அங்கே கதர் வெறும் துறவு அல்ல, நூற்றவளுக்குக் கூலி. யாராவது வாங்கினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். இதைக் கேட்டு அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அப்ப ஒரு சேலை மட்டும் எடுக்கலாமா?" என்றாள். இளசுகளிடம் எனக்குப் பிடித்தது இதுதான், தோற்றுப்போக வெட்கப்படுவதில்லை.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது.

அக்கா வீட்டில் வேலை செய்கிற அம்மாளுக்கு ஒரு பெண். பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு என் மருமகள் தன் பீரோவிலிருந்து ஏழு சுடிதார்களை எடுத்துக் கொடுத்திருந்தாள். எல்லாம் நல்ல துணி. தீபாவளியன்று அந்தப் பெண் அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தோம். வந்தாள். உடம்பெல்லாம் ஜிகினா மின்ன, ரத்தச் சிவப்பில் ஒரு புத்தம்புது உடை. விலைச்சீட்டு தொங்கின நூல்கூடக் கழுத்தோரம் தெரிந்தது. தாய் வருஷம் முழுவதும் தீபாவளிச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

"எப்படி இருக்குக்கா?" என்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள்.

என் மருமகளுக்கு நொய்யல் ஞாபகம் வந்திருக்கும். டாக்கா ஞாபகம் வந்திருக்கும். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு, "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் என்னை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். சேலம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறப்போகிற சமயத்தில் கேட்டாள்: "காலையில நான் சொன்னது பொய்யா மாமா?"

வாழப்பாடி தாண்டுகிற வரையில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.