முத்திரையிட்ட உறையும் நீதியும்

"சாமி, திருட்டுக் கொடுத்தவன் வழக்குப் போட்டால் உடைந்த பூட்டைக் கோர்ட்டில் காட்டித்தானே ஆகவேண்டும்? காட்டினால் அடுத்த திருடனும் பார்த்துக்கொள்வானே?" சேந்தமங்கலத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அன்பர் ஒருவர் என்னிடம் இவ்வாறு வினவினார். குடும்பத்தோடு மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பவர் அவர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவக் குறிப்புகள் டெலிகிராம் வழியே கசிந்ததாக 2024 செப்டம்பரில் செய்தி வந்ததும், நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடித் தற்காலிகத் தடையாணை பெற்றதும் அவர் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தன.

அவ்வழக்கின் உள்விவரங்களுக்குள் நான் புகவில்லை. கேள்வியோ பொதுவானது. ஒரு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பு ஆவணங்களில் எந்தக் கதவு எங்கே இருக்கிறது, எது பலவீனமானது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். அவற்றை எவரும் புரட்டும்படி நீதிமன்றக் கோப்பில் வைத்தால், துன்புறுவோர் வழக்கில் இடமே பெறாத நோயாளிகள். ஆகவே அவற்றைக் காக்கக் கோருவது தவறன்று. ஆனால் அதே உறைக்குள், "கதவு பழுதென்று முன்பே எச்சரித்தார்கள், நாங்கள் பொருட்படுத்தவில்லை" என்னும் கடிதமும் இருக்கக்கூடுமன்றோ? அப்போது முத்திரை காப்பது யாரை?

அறநெறி இறையியல் இங்கே சற்றுக் கைகொடுக்கிறது. நம்பி ஒப்படைக்கப்பட்ட இரகசியத்தைக் காக்கவேண்டும் என்று கற்பிக்கும் புனித தோமா அக்குவினாஸ், அது பிறருக்குப் பெருங்கேடாக முடியுமெனில் சாட்சி சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது ஒன்றுக்கே விதிவிலக்கு. அந்த முத்திரையை எதனோடும் எடைபோட முடியாது. குருக்களாகிய எங்களுக்குள்ள சோதனை என்னவென்றால், அலுவலகக் கோப்புகளுக்கும் அதே புனிதத்தை ஏற்றிவிடுவது. பாலியல் கொடுமை வழக்குகளில் திருத்தந்தைக்குரிய இரகசியக் காப்பைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரில் நீக்கியபோது, திருச்சபை இதைத் தாமதமாகவேனும் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டோர் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

நீதிபதி மட்டும் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. மீடியா ஒன் தொலைக்காட்சிக்குப் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டபோது, அதற்கான காரணங்கள் முத்திரையிட்ட உறையில் கேரள உயர் நீதிமன்றத்திற்குத் தரப்பட்டன. நிறுவனமோ எதற்குப் பதில் சொல்வதென்றே அறியாது நின்றது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் இம்முறை இயற்கை நீதிக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அங்கே மறைத்தது அரசு. நிறுவனம் மறைத்தாலும் எதிர்த்தரப்பின் நிலை வேறாகாது. நமது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் 1598ஆம் எண்ணில் இவ்வாறே கூறுகிறது: கடும் ஆபத்தைத் தவிர்க்க ஓர் ஆவணத்தை மறைக்கலாம், ஆயினும் தற்காப்புரிமை முழுமையாக நிலைக்கவேண்டும்.

இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது எளிதன்று. டில்லி உயர் நீதிமன்றம் தன் 2018ஆம் ஆண்டு விதிகளில் ஒரு வழி வகுத்துள்ளது. ஒவ்வொரு தரப்பிலும் நிறுவன ஊழியரல்லாத 3 வழக்கறிஞரும் 2 வெளி வல்லுநரும் மிகாமல் ஆவணத்தைப் பார்க்கலாம். பூட்டின் அமைப்பு தெருவுக்கு வராது. பூட்டாமல் விட்டது எதிர்த்தரப்பின் கண்ணுக்குத் தப்பாது. பூட்டின் வரைபடத்தைக் கறுப்பு மையால் மறைத்துவிட்டு எச்சரிக்கைக் கடிதத்தைத் திறந்த மன்றத்தில் படிக்கலாம் என்பது என் துணிபு. வழக்கறிஞர் அன்பர்கள் மறுத்தெழுதினால் மகிழ்வேன்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட அவர், "என் ரிப்போர்ட்டும் அந்தத் திருட்டில் போயிருந்தால் எனக்கு யார் சொல்வார்கள்?" என்றார். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் உரியவருக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளோ அக்கடமை நடைமுறைக்கு வர 18 மாதக் கெடு வைத்தன. அதைச் சொன்னேன். "அப்படியானால் கோர்ட்டிலும் நான் கட்சிக்காரன் இல்லை, கம்பெனியும் சொல்லவில்லை" என்று கூறிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.