அரண்மனையும் நீதிபீடமும்

கொட்டாரம் என்னும் நம் ஊர்ப்பெயருக்கு அரண்மனை என்பது பொருள். அரண்மனை சொன்னதெல்லாம் நீதியாகுமா?

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் தாமே வழக்குத் தீர்க்கலாகாது என 1607-இல் மறுத்துரைத்தார் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக். 1616-இல் பதவி நீக்கப்பட்டார். அவர் வளர்த்த சட்ட மரபு கடல் கடந்து சென்னை உயர்நீதிமன்றத்திலும் வேரூன்றியது. அங்கே தலைமை நீதிபதியாக வீற்றிருந்தவர் நாகூர் தந்த மு.மு. இஸ்மாயில். நெருக்கடிநிலையின்போது சென்னைச் சிறையில் நிகழ்ந்த கொடுமைகளை விசாரித்தவரும் அவரே. 1981-இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டபோது பதவியைத் துறந்தார்.

விலகுவது கடமையைக் கைவிடுவதாகாதா எனச் சிலர் வினவலாம். ஆகாது என்போம். மாற்றலுக்கு அஞ்சும் நீதிபதியின் எழுதுகோல் அரசுக்கு எதிராக எழுதத் தயங்கும். தமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருமறை பணிக்கிறது. பீடத்தைத் துறக்கத் துணிந்தவரே அதில் அமரத் தகுதியுடையவர்.