முதல் இரண்டு மணி நேரம்

குழந்தையின் அழுகை கேட்டதும் பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் எல்லோருக்கும் கேள்விகள் முளைத்துவிடுகின்றன. ஆணா பெண்ணா, எத்தனை கிலோ, யார் ஜாடை. உள்ளே ஒரு செவிலியரின் கவனம் தாயின் வயிற்றில் இருக்கிறது. தொப்புள் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்க்கிறார்.

நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக் குழாய்களெல்லாம் வாய் திறந்து நிற்கும். அவற்றுக்குத் தையலும் கிடையாது, கட்டும் கிடையாது. கருப்பைத் தசையே சுருங்கி, தன் இழைகளுக்கு நடுவே ஓடும் குழாய்களை நெரித்து மூட வேண்டும். குழந்தை பிறந்ததும் போடும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி அதற்குத்தான். "கல்லு மாதிரி இறுகியிருக்கணும்" என்பார்கள் லேபர் வார்டில். தொளதொளவென்று இருந்தால் கையாலேயே தேய்த்து இறுக வைப்பார்கள். டாக்டருக்கு ஆள் ஓடும்.

பிபி சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் அனுபவமுள்ள சிஸ்டர்கள் நிம்மதியடைவதில்லை. இளம் உடம்பு ரத்தம் இழந்துகொண்டே பிபியை வெகுநேரம் விழாமல் பிடித்து வைத்திருக்கும். நாடிதான் முதலில் வேகமெடுக்கும். சானிட்டரி பேடைப் பார்த்த பிறகு இடுப்புக்கு அடியிலும் கைவிட்டுப் பார்க்கிறார்கள். ரத்தம் அங்கேதான் சத்தமில்லாமல் தேங்கும். அரை லிட்டர் போனாலே அபாயக் கணக்கு. ரத்தசோகையோடு பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு அதைவிடக் குறைவே போதும்.

"யூரின் போனியாம்மா?"

திரும்பத் திரும்பக் கேட்கப்படும் இந்தக் கேள்வியில் கூச்சப்பட்டு முகம் திருப்பிக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை மேலே தள்ளி, சுருங்கவிடாமல் செய்துவிடும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கச் சொல்வது பிள்ளைக்காக மட்டும் இல்லை. குழந்தை சப்பும்போது தாயின் உடம்பே ஆக்சிடோசினைச் சுரக்கிறது. அடிவயிறு பிடித்து வலிக்கும். இரண்டாம், மூன்றாம் பிரசவத்தில் இன்னும் கூடுதலாக. அந்த வலி எதற்கு என்று தெரிந்தால் பயம் பாதியாகும்.

வீட்டுக்குப் போனபின் கிராம சுகாதார செவிலியர் வருகிறார். காய்ச்சல் உண்டா, உதிரத்தில் நாற்றம் உண்டா, தையல் எப்படி, மார்பு கட்டியிருக்கிறதா. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது என்று இன்னும் நம்பும் வீடுகள் இருக்கின்றன. அங்கே வாதாடுவதில் பயனில்லை. "பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, எல்லாம் தாராளமா குடுங்க. தண்ணியை மட்டும் நிறுத்தாதீங்க" என்று சொல்கிறவருக்கு வைத்தியத்தோடு அந்த வீடும் தெரிந்திருக்கிறது.

பிறகு, மாமியார் கொல்லைப்பக்கம் போகும்வரை அவர் காத்திருக்கிறார். தூக்கம் வருதா? அழுகை அழுகையா வருதா? மூன்றாம் நாள், நான்காம் நாள் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காதது மனச்சோர்வாக இருக்கலாம். அதை முதலில் காதில் வாங்குகிறவர் பல ஊர்களில் இவர்தான்.

இரவு டூட்டியை நினைத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு மணி நேரமும் கால் மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால் ஒரு தாய்க்கு 8 முறை. அதே நேரத்தில் நான்கு தாய்மார் என்றால் 32 முறை. நடுவில் ஐந்தாவது பெண்ணுக்கு வலி எடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தால் இத்தனைக்கும் பெரும்பாலும் ஒரே ஒருவர்.

2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை சென்னைத் தெருக்களில் உட்கார்ந்தார்கள். அந்தச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த 32 முறைதான் மனதில் ஓடுகிறது. அவர்கள் கேட்டதைக் கொடுத்து, இரவில் இன்னொருவரையும் உடன் போடுங்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.