யாருடைய பசிக்கு நேரம் இருக்கிறது?

உழைக்கும் உடலுக்கு எப்போது உணவு தர வேண்டும் என்பதில் ஊட்டச்சத்து அறிஞர்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. கடும் வேலைக்கோ பயிற்சிக்கோ மூன்று நான்கு மணி நேரம் முன்பு முழுச் சாப்பாடு. அது முடியாவிட்டால் ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், இரண்டு இட்லி என்று எளிதில் செரிக்கும் ஏதாவது. வேலை முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் சோற்றோடு முட்டை, மீன், பருப்பு, சுண்டல் என ஏதேனும் ஒரு புரதம். நாள் முழுமைக்குமான புரதத்தை ஒரே வேளையில் தின்று தீர்க்காமல் மூன்று நான்கு வேளைகளுக்குப் பிரித்துக்கொள்வது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் கூடும்.

யாரும் பின்பற்றக்கூடிய எளிய அறிவுரை போலத்தான் இது தெரிகிறது. ஆனால் இதைப் பின்பற்ற ஒருவருக்கு இரண்டு உரிமைகள் வேண்டும். தன் நேரம் தன் கையில் இருக்க வேண்டும். சோற்றுப் பானையில் தன் பங்கு முன்கூட்டியே உறுதியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஒருத்தியிடம் "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று சொல்வதற்கு என்ன பொருள்?

கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே கடலூர் துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்து நிற்கும் மீன்காரப் பெண்கள், அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெயில் ஏறும்வரை தெருத்தெருவாக நடக்கிறார்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இருளர் பெண்கள் உப்பங்கழியில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். தண்ணீர் வற்றும் நேரம்தான் அவர்களின் வேலை நேரம். அது நாளுக்கு நாள் மாறும். காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் பாசன வயல்களில் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறார்கள். உடற்பயிற்சி பற்றிப் பேசும் எவரும் இவர்களை நினைப்பதில்லை. உடல் மட்டும் கணக்கு வைத்துக்கொள்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கிலோ கலோரி போதும். கடும் உழைப்பாளிப் பெண்ணுக்கு 2720 வேண்டும். இரும்புச்சத்தோ ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. அதாவது வீட்டில் மீன்துண்டும் முட்டையும் கீரையும் முதலில் யார் தட்டுக்குப் போக வேண்டும் என்று அறிவியலைக் கேட்டால், நம் வழக்கத்துக்கு நேரெதிரான பதிலைத்தான் சொல்லும்.

வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், பிறகு மாமியார், எல்லாரும் எழுந்த பிறகு சமைத்தவள். கடைசியில் உட்காருபவளுக்கு நேரம் தாமதமாகிறது என்பது பாதி சேதம். மீதிப் பாதி, சட்டியில் என்ன மிஞ்சுகிறது என்பது. குழம்பு மிஞ்சும், துண்டு மிஞ்சாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. மாதவிடாய், பிரசவம், குடற்புழு என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ரத்தம் குறையும் உடலுக்குச் சட்டியின் அடியில் மிஞ்சியதைக் கொடுக்கும் வழக்கம் அந்தக் குறையை நிரப்பப் போவதில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். "யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. அவளாகத்தானே கடைசியில் சாப்பிடுகிறாள்? பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. அந்த அன்பைக் குற்றமாக்கலாமா?" இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தன் வயிற்றை ஒத்திவைத்துப் பிறருக்குக் கொடுப்பது மனிதர்களின் உயர்ந்த குணங்களில் ஒன்று.

ஆனாலும் விருப்பம் என்பது எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அமர்த்திய சென் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944-இல், கல்கத்தா அருகே சிங்கூரில் ஓர் ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்கள் உடல்நிலை சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடுதான். அந்தப் பெண்கள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். "எனக்கு உடம்பு முடியவில்லை" என்று சொல்லும் இடம் அவர்களுக்கு இருக்கவில்லை. "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்ற வாக்கியத்தையும் இந்த வெளிச்சத்தில் கேட்டுப் பார்க்கலாம். அதில் அன்பு இருக்கலாம், பழக்கம் இருக்கலாம், பயமும் இருக்கலாம். சொல்பவளுக்கே மூன்றையும் பிரித்தறிவது கடினம்.

பிரித்தறிய ஒரு வழி, விரதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் நோன்பிருப்பவளுக்கு அது எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று தெரியும். முடிந்ததும் களியும் கூட்டும் காத்திருக்கின்றன. ஊரே அவள் பசியை மதிக்கிறது. அன்றாடம் கடைசியில் சாப்பிடுபவளின் பசிக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, பெயரும் இல்லை. இன்னொரு சோதனை: ஒரு நாள் அவள் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டால் வீட்டில் என்ன பேச்சு எழும்? மாறிச் செய்தால் ஏச்சு விழும் என்றால், அதை முழு விருப்பம் என்று சொல்ல முடியாது.

கடலூரிலேயே இதற்கு மாறான காட்சியும் உண்டு. இந்த ஊரிலிருந்து பெண்கள் கால்பந்து ஆடி இந்திய அணிவரை போயிருக்கிறார்கள். நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் அவர்களில் ஒருவர். 2018-இல் தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியச் சாம்பியன் ஆனது. ஓடி ஆடும் பெண் உடலுக்கு உணவு போதாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாதபோது உடல் சிக்கனம் பிடிக்கிறது: மாதவிடாய் தவறுகிறது, எலும்பு வலுவிழக்கிறது, நோய் எதிர்ப்பு குறைகிறது. எனவே விளையாடும் பெண்ணின் தட்டைக் கவனிக்க இன்று பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். நல்லது. ஆனால் அதே உடல் இறால் துழாவும்போதும் அதே சட்டப்படிதான் இயங்குகிறது.

இங்கேதான் நான் தயங்கி நிற்கிறேன். பெண்ணுக்கு நேரத்துக்குச் சோறு போடுங்கள் என்பதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்களைப் பாருங்கள். கர்ப்பிணி நன்றாகச் சாப்பிட்டால் குழந்தை எடையோடு பிறக்கும். தாய் தெம்பாக இருந்தால் குடும்பம் தெம்பாக இருக்கும். வீராங்கனை சாப்பிட்டால் பதக்கம் வரும். எல்லாமே உண்மை. எல்லாவற்றிலும் அவள் உணவு வேறொருவருக்குப் போய்ச்சேரும் வழியாகவே இருக்கிறது. பிள்ளை பெறாத, கோல் போடாத, இனி கூலிக்குப் போக முடியாத ஒரு கிழவியின் பசிக்கு இந்தக் காரணங்களில் இடமில்லை. ஆணின் சாப்பாட்டுக்கு இப்படி நியாயம் கேட்பதில்லை. அவனுக்குப் பசிக்கிறது என்பதே போதும். பெண்ணுக்கும் அதுவே போதுமானதாக இருக்க வேண்டும்.

அரசின் நல்ல திட்டங்களையும் இதே கேள்வியோடு அணுகலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் விரிந்தது. குழந்தையின் காலைப் பசிக்கு அரசு நேரம் ஒதுக்கியது பெரிய காரியம். அந்த உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பள்ளிக்கு வருமுன் அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதும் அந்தத் திட்டத்தின் கேள்வியாக வேண்டும்.

"அப்படியானால் அவள் முதலில் சாப்பிட்டுவிட வேண்டியதுதானே" என்று முடித்துவிட்டால், இன்னொரு கடமையை அவள் தலையில் ஏற்றியதாகிவிடும். மாற வேண்டியது வரிசை. பரிமாறும் முன்பே எல்லாருடைய பங்கையும் எடுத்துவைக்கலாம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். வயலிலும் மீன் சந்தையிலும் வேலைக்கு நடுவே உட்கார்ந்து உண்ண நிழலும் தண்ணீரும் நேரமும் கேட்கலாம். வீட்டு ஆண்கள் வாரத்தில் சில நாளாவது சமைத்துக் கடைசியில் சாப்பிட்டுப் பார்க்கலாம். சட்டியில் என்ன மிஞ்சுகிறது என்பது அப்போது அவர்களுக்கும் தெரியும். இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று: காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பேருந்தைப் பிடிக்க ஓடும்போது, அம்மா சாப்பிட்டாளா என்பதையும் கேளுங்கள். அவள் "ஆச்சு" என்று சொன்னால், எப்போது, என்ன என்று இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்.